சிலிண்டர் பவர் உள்ளவர்கள் லென்ஸோடு தூங்கலாமா? இரவிலும் அணியும் டோரிக் லென்ஸுக்கு முழுமையான வழிகாட்டி

சிலிண்டர் பவர் இருந்தால் கான்டாக்ட் லென்ஸ் சரிப்பட்டு வராது என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால், அது பழைய கதை. அதற்கென்றே டோரிக் லென்ஸ் வந்து பல காலம் ஆகிறது. ஆனால் அதைக் கழற்றாமலே தூங்கலாமா என்பது வேறு கேள்வி. நான் டோரிக் லென்ஸ் போடுகிறவன்; இடது கண்ணில் 1.75 சிலிண்டர். எப்போது தூங்குவேன், எங்கே தூங்குவேன் என்று எனக்கே தெரியாத இரவு வேலை. அதனால்தான் இந்த வகைக்கு வந்தேன். நான் மருத்துவன் அல்ல. இருந்தாலும் சீட்டை வாங்குவதிலிருந்து முதல் காலை விழிப்பு வரை ஒவ்வொரு கட்டத்திலும் எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்ல முடியும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரவில் அணிய ஒருமுறை அனுமதி கிடைத்தால் அது நிரந்தரம் என்று நினைக்காதீர்கள். தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று அதைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். சிலிண்டர் பவர் உள்ளவர்களுக்கு இது மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே பொருந்தும். ஏன் என்று பார்ப்போம்.

லென்ஸ் சுழலக் கூடாது, கண் மூச்சுத் திணறக் கூடாது

சாதாரணக் கருவிழி (கார்னியா, கண்ணின் முன்னால் உள்ள கண்ணாடி போன்ற பகுதி) பந்தின் மேற்பரப்பு போல எல்லாப் பக்கமும் ஒரே வளைவு. சிலிண்டர் பவர் உள்ள கருவிழி கரண்டியின் முதுகு மாதிரி: ஒரு பக்கம் வளைவு அதிகம், அதற்குக் குறுக்கே குறைவு. எனவே லென்ஸிலும் ஒரு திசையில் ஒரு பவர், குறுக்கே இன்னொரு பவர் இருக்க வேண்டும். சாதாரண லென்ஸ் கண்ணுக்குள் எப்படிச் சுழன்றாலும் யாருக்கும் தெரியாது. டோரிக் லென்ஸ் சுழன்றால் உடனே தெரியும். 10 டிகிரி விலகினாலே சிலிண்டரில் மூன்றில் ஒரு பங்கு திருத்தம் வீணாகிறது. 30 டிகிரி விலகினால் போட்டதும் ஒன்றுதான், போடாததும் ஒன்றுதான்.

அது சுழலாமல் இருக்க, சில லென்ஸ்களில் கீழ்ப்பகுதியைத் தடிமனாகச் செய்கிறார்கள். சிலவற்றில் மேலும் கீழும் மெல்லியதாக்குகிறார்கள். எப்படியானாலும் வேலை செய்வது இமைதான். ஈரமான விதையை விரலிடுக்கில் அழுத்தினால் வழுக்கி ஓடுமே, அதுபோல ஒவ்வொரு இமைப்பிலும் தடித்த பகுதி தன் இடத்துக்குத் தள்ளப்படுகிறது. தூக்கத்தில் இமைப்பு கிடையாது. அதாவது லென்ஸை நேராக்கும் வேலைக்காரனுக்கு இரவில் விடுமுறை.

இனி ஆக்சிஜன். கருவிழியில் ரத்தக் குழாய் இல்லை. காற்றிலிருந்து நேரடியாக எடுத்துக்கொள்கிறது. விழித்திருக்கும்போது அதற்கு எதிரே இருப்பது 21 சதவீத ஆக்சிஜன். இமை மூடியதும் அது ஏறக்குறைய 8 சதவீதமாக இறங்கிவிடும். இமையின் உட்புற ரத்தக் குழாய்கள் கொடுப்பதுதான் அது. லென்ஸே இல்லாமல் தூங்கினாலும் கருவிழி சுமார் 3 முதல் 4 சதவீதம் வீங்கி, எழுந்த பிறகு வடியும். லென்ஸ் போட்டால் அந்த 8 சதவீதமும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும்.

லென்ஸ் எவ்வளவு ஆக்சிஜனை விடும் என்பதை டிகே/டி என்ற எண்ணால் குறிப்பார்கள். ஹோல்டன், மெர்ட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1984-ல், இரவில் அணிய இது குறைந்தது 87 இருக்க வேண்டும் என்றார்கள். 1999-ல் வந்த இன்னொரு கணக்கு அதை 125-க்கு உயர்த்தியது. ஏறக்குறைய அதே நேரத்தில்தான் ஆக்சிஜனை அதிகம் விடும் சிலிக்கான் ஹைட்ரோஜெல் லென்ஸ்கள் சந்தைக்கு வந்தன. அதற்கு முந்தைய சாதாரண ஹைட்ரோஜெல் லென்ஸ்கள் இந்த எண்ணை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. இங்கே பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. நிறுவனங்கள் சொல்லும் டிகே/டி பொதுவாக −3.00 பவர் லென்ஸின் நடுமையத்தில் அளந்தது. உங்கள் டோரிக் லென்ஸின் தடித்த கீழ்ப்பகுதியில் அது கணிசமாகக் குறையும். பவர் ஏற ஏற இன்னும் குறையும். கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் கருவிழியின் ஓரம் அங்கேதான் முதலில் சிவக்கிறது என்றால், காரணம் பெரும்பாலும் இதுதான்.

ஆக்சிஜன் கிடைத்துவிட்டால் எல்லாம் சரியா? இல்லை. அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 1981-ல் லென்ஸை 30 நாள் தொடர்ந்து அணிய அனுமதித்தது. கருவிழிப் புண்கள் பற்றிய கவலையால் 1989-ல் 7 நாளாகக் குறைத்தது. அந்த ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், பகலில் மட்டும் மென் லென்ஸ் அணிகிறவர்களில் ஆண்டுக்கு 10,000 பேருக்கு 4 பேர் அளவில் கருவிழிப் புண் வந்தது. இரவிலும் அணிகிறவர்களில் சுமார் 21 பேர். சிலிக்கான் ஹைட்ரோஜெல் வந்த பிறகு 2001-ல் சில லென்ஸ்களுக்கு மறுபடி 30 இரவு அனுமதி கிடைத்தது. ஆனால் கிருமித் தொற்று விகிதம் எதிர்பார்த்தபடி குறையவில்லை. லென்ஸுக்கு அடியில் கண்ணீர் தேங்குவதும், அங்கே கிருமி தங்குவதும் ஆக்சிஜனால் தீரும் பிரச்சினை அல்ல. 10,000-ல் 21 என்பது சின்ன எண்தான். அந்த 21-ல் ஒருவராக இருந்தால் சின்னதல்ல.

முதல் படி: நீங்கள் இதற்கு ஆளா?

உலர் கண், இமை ஓரத்தில் அடிக்கடி அழற்சி, முன்பு எப்போதாவது கருவிழித் தொற்று, கண் ஒவ்வாமை, நோய் எதிர்ப்புக் குறைவு, கருவிழி உணர்ச்சி மங்கும் அளவுக்கு நீரிழிவு: இவற்றில் ஒன்று இருந்தாலும் பகல் லென்ஸோடு நிறுத்திக்கொள்வதே புத்திசாலித்தனம். புகைபிடிப்பவர்களுக்குத் தொற்று அபாயம் கூடுதல் என்பது பல ஆய்வுகளில் வந்திருக்கிறது. கூம்பு வடிவக் கருவிழி போன்ற ஒழுங்கற்ற சிலிண்டருக்கு மென் டோரிக் லென்ஸே பொருந்தாது; அது வேறு கதை.

இன்னொரு தகுதியும் உண்டு. அது உடம்பைப் பற்றியதல்ல. சொன்ன தேதியில் பரிசோதனைக்குப் போகிற ஆளா நீங்கள்? மனசாட்சியைத் தொட்டு 'இல்லை' என்று வந்தால், சரி, இத்தோடு விட்டுவிடலாம்.

இரண்டாம் படி: சீட்டைப் படிக்கத் தெரிய வேண்டும்

கண்ணாடிச் சீட்டை அப்படியே லென்ஸ் கடையில் நீட்டினால் தப்பாகும். உதாரணமாக −5.00 / −2.00 × 170 என்று வைத்துக்கொள்வோம். முதல் எண் பொதுப் பவர், இரண்டாவது சிலிண்டர், மூன்றாவது ஆக்சிஸ், அதாவது அந்தச் சிலிண்டர் எந்தச் சாய்வில் நிற்கிறது என்பது. கண்ணாடி கண்ணிலிருந்து சுமார் 12 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது. லென்ஸ் கண்ணின் மேலேயே உட்காருகிறது. 4.00-க்கு மேல் பவர் போனால் இந்தத் தூரத்துக்குக் கணக்குப் போட வேண்டும், அதுவும் இரண்டு திசைக்கும் தனித்தனியாக. ஒரு திசையில் −5.00 என்பது −4.72 ஆகும். குறுக்கே −7.00 என்பது −6.46 ஆகும். இரண்டுக்கும் வித்தியாசம் 1.74. ஆக, லென்ஸ் −4.75 / −1.75 × 170. கண்ணாடியில் 2.00 இருந்த சிலிண்டர் லென்ஸில் 1.75 ஆகிவிட்டதைப் பார்த்து யாரோ தவறு செய்துவிட்டார்கள் என்று பதற வேண்டாம்.

மென் டோரிக் லென்ஸ்களில் சிலிண்டர் பெரும்பாலும் 0.75, 1.25, 1.75, 2.25 என்ற படிகளில்தான் வரும். ஆக்சிஸ் 10 டிகிரிக்கு ஒன்று. உங்கள் எண் நடுவே விழுந்தால் வழக்கமாகக் குறைந்த பக்கத்துக்குத்தான் போவார்கள். கூடுதல் சிலிண்டர் போட்டால் லென்ஸ் கொஞ்சம் திரும்பினாலும் தொந்தரவு பெரிதாகத் தெரியும்.

மூன்றாம் படி: பெட்டியில் எழுதியிருப்பதைப் படியுங்கள்

அதிகம் பேர் சறுக்கும் இடம் இது. 'மாத லென்ஸ்' என்றால் தினமும் இரவு கழற்றி, சுத்தம் செய்து, ஒரு மாதம் பயன்படுத்தலாம் என்று பொருள். ஒரு மாதம் கழற்றாமல் போட்டிருக்கலாம் என்று பொருள் அல்ல. எனக்குத் தெரிந்த ஒருவர் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு பதினொரு இரவு தூங்கிவிட்டு, கண் சிவந்த பிறகுதான் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். தினசரி வீசியெறியும் டோரிக் லென்ஸோடு எந்தக் காரணத்துக்காகவும் தூங்கக் கூடாது. இரவு மட்டும் போட்டுக் காலையில் கழற்றும் ஆர்த்தோ-கே என்ற கடின லென்ஸ் முற்றிலும் வேறு வகை. அது இங்கே வராது.

இரவிலும் அணிய அனுமதி பெற்ற டோரிக் லென்ஸ்கள் சிலவே. பயோஃபினிட்டி டோரிக், அக்யூவ்யூ ஓயாசிஸின் சிலிண்டர் வகை இரண்டுக்கும் தொடர்ந்து 6 இரவு வரை அனுமதி உண்டு. டிகே/டி முறையே 116, 129 என்று நிறுவனங்கள் சொல்கின்றன. ப்யூர்விஷன் 2-இன் சிலிண்டர் வகைக்கு 30 நாள் வரை அனுமதி இருக்கிறது. அனுமதித்த நாள் என்பது எட்ட வேண்டிய இலக்கு அல்ல, தாண்டக் கூடாத எல்லை. 30 என்று எழுதியிருந்தாலும் நான் 6-ல் நிறுத்துவேன்.

நான்காம் படி: பொருத்திப் பார்ப்பது

பரிசோதனை லென்ஸைப் போட்டதும் பவரைப் பற்றிப் பேசாதீர்கள். பத்துப் பதினைந்து நிமிடம் உட்காருங்கள், லென்ஸ் அமரட்டும். டோரிக் லென்ஸில் கீழேயோ இரு பக்கமுமோ மெல்லிய கோடு அல்லது புள்ளி இருக்கும். அது எங்கே நிற்கிறது என்பதை, கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லாம்ப் கருவியில் ஆப்டோமெட்ரிஸ்ட் (பவர் சோதித்து லென்ஸ் பொருத்துபவர்) பார்ப்பார். கடிகாரத்தில் ஒரு மணி என்றால் 30 டிகிரி. கீழ்க்கோடு 6 மணியிலிருந்து அரை மணி தள்ளியிருந்தாலே 15 டிகிரி.

கோடு ஓரிடத்தில் விலகி, ஆனால் அங்கேயே உறுதியாக நின்றால் பிரச்சினை இல்லை. ஆக்சிஸை மாற்றி வாங்கலாம். பார்ப்பவரின் இடப்பக்கம் விலகினால் கூட்டு, வலப்பக்கம் என்றால் கழி. உங்கள் ஆக்சிஸ் 180, கோடு 10 டிகிரி இடப்பக்கம் விலகியிருக்கிறது என்றால் 190. அளவு 180-க்கு மேல் போகாததால் அது 10. ஆக 10 என்ற ஆக்சிஸில் லென்ஸ் வாங்க வேண்டும். ஆனால் கோடு ஒவ்வொரு இமைப்புக்கும் அங்கும் இங்கும் ஓடினால் எந்தக் கணக்கும் உதவாது. வேறு வடிவ லென்ஸ்தான் வழி.

அப்படியே படுத்துப் பார்க்கக் கேளுங்கள். சங்கடமாக இருக்கும், பரவாயில்லை. கீழே தடித்த லென்ஸ் சிலருக்கு ஒருக்களித்துப் படுத்தால் கொஞ்சம் திரும்பும். படுத்துக்கொண்டு போன் பார்க்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு எழுத்து ஏன் நிழல் விழுந்த மாதிரி இருக்கிறது என்பது அப்போதுதான் புரியும்.

ஐந்தாம் படி: முதல் இரண்டு வாரம் பகல் மட்டும்

அனுமதி கிடைத்த அன்றே தூங்கிவிடாதீர்கள். ஒன்றிரண்டு வாரம் பகலில் மட்டும் போட்டு, இரவில் கழற்றுங்கள். இதில் இரண்டு லாபம். கண் பழகும், கழற்றிப் போடும் கையும் பழகும். இரவு லென்ஸ்தானே, கழற்றுகிற வேலை குறைவு என்று கையைப் பழக்காமல் விட்டவர்கள்தான் கண் எரியும்போது கழற்றத் தெரியாமல் திண்டாடுவார்கள்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நூல் உதிராத துணியில் முழுக்கத் துடைக்க வேண்டும். ஈரக் கையோடு தொடவே கூடாது. குழாய் நீரில் அகாந்தமீபா என்ற ஒற்றைச் செல் உயிரி இருக்கலாம். அது கருவிழியில் புகுந்தால் மாதக்கணக்கில் சிகிச்சை. அதே காரணத்துக்காக நீச்சல், குளியல் எதற்கும் லென்ஸோடு போக வேண்டாம். போடும்போது குறிக்கோட்டை ஏறக்குறைய கீழே வைத்துப் போட்டால் சீக்கிரம் அமரும்.

ஆறாம் படி: முதல் இரவு, முதல் காலை

மறுநாள் காலை பரிசோதனைக்கு நேரம் வாங்கிய பிறகுதான் முதல் இரவு. எழுந்து சில மணி நேரத்துக்குள் போக வேண்டும். மதியம் போனால் இரவின் வீக்கம் வடிந்திருக்கும், பார்க்க வேண்டியதைப் பார்க்க முடியாது. படுக்கும் முன் லென்ஸுக்கு ஏற்ற, கெடாமலிருக்கச் சேர்க்கும் ரசாயனம் (பிரிசர்வேடிவ்) இல்லாத ஈரச் சொட்டு ஒன்று விட்டுக்கொள்ளுங்கள். கண் மை, முகப்பூச்சு எதுவும் இருந்தால் கழுவிவிட்டுப் படுங்கள். காய்ச்சல், சளி இருந்தால் தேதியைத் தள்ளிப்போடுங்கள்.

காலையில் நடப்பது இதுதான். கண்ணைத் திறக்கிறீர்கள், உலகம் எண்ணெய்த் தாளுக்குப் பின்னால் இருப்பது போல் மங்கல். எனக்கு முதல் காலையில் எதிர்ச் சுவர்க் கடிகாரத்தின் பெரிய முள் இரண்டாகத் தெரிந்தது, ஒன்று அசல், ஒன்று சற்றே சாய்ந்த நிழல். லென்ஸ் கிழிந்துவிட்டதோ என்று விரலைக் கொண்டுபோனேன். அந்த நேரத்தில் செய்யவே கூடாத காரியம் அது. இரவில் லென்ஸ் காய்ந்து கருவிழியோடு ஒட்டியிருக்கும். இழுத்தால் மேல்தோல் உரியும். அந்த உரிந்த இடம்தான் கிருமிக்கு வாசல்.

செய்ய வேண்டியது: விரலை எடுங்கள். ஈரச் சொட்டு ஒன்றிரண்டு விடுங்கள். மெதுவாக, முழுதாக இமையுங்கள். ஐந்து முதல் பத்து நிமிடம் காத்திருங்கள். கண்ணாடியில் பார்த்து மேலே நோக்கி இமைத்தால் லென்ஸ் லேசாக நகர்வது தெரிய வேண்டும். நகரத் தொடங்கியதும் நிழல் முள்ளும் அசலோடு வந்து சேரும். கழற்ற வேண்டியிருந்தாலும் நகர்ந்த பிறகுதான். அரை மணி நேரமாகியும் நகரவில்லை என்றால் அந்த லென்ஸ் உங்களுக்கு இறுக்கம், அன்றே காட்டுங்கள்.

பிறகு ஒரு வாரம், ஒரு மாதம், மூன்று மாதம் என்று பரிசோதனை. அதற்கப்புறம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. முதல் இரவு நன்றாகப் போனால் அடுத்து இரண்டு, மூன்று என்று ஏற்றுங்கள்.

ஏழாம் படி: வார நடைமுறை

ஆறு இரவு அணிந்தால் ஏழாவது இரவு கண் வெறுமையாக இருக்க வேண்டும். எல்லா இரவும் அணிந்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. வேலை இல்லாத இரவில் நான் கழற்றிவிடுவேன். ஓயாசிஸ் வகையைத் தொடர்ந்து ஆறு இரவு அணிந்தால் கழற்றியதும் வீச வேண்டும். மற்றவற்றை மறுபடி போடுவதானால் கிருமி நீக்காமல் போடக் கூடாது. பல்நோக்குக் கரைசல் என்றால் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து அலச வேண்டும், 'தேய்க்கத் தேவையில்லை' என்று புட்டியில் இருந்தாலும் சரி. பெராக்சைடு கரைசல் என்றால் அதற்கான பெட்டியிலேயே குறைந்தது 6 மணி நேரம். அதற்கு முன் கண்ணில் போட்டால் அலறிவிடுவீர்கள். பழைய கரைசல் மேல் புதிதை ஊற்றாதீர்கள். லென்ஸ் ஊறவைக்கும் பெட்டியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். புதுப் பவரில் ஒரு மூக்குக் கண்ணாடி கட்டாயம் வைத்திருங்கள். அது இல்லாதவர்கள்தான் சிவந்த கண்ணோடும் லென்ஸைப் போட்டுக்கொண்டு போகிறார்கள்.

தினமும் காலை கண்ணாடி முன் மூன்று கேள்வி: கண் வெள்ளையாக இருக்கிறதா? உறுத்தல் இல்லாமல் இருக்கிறதா? ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தால் வழக்கம்போல் தெரிகிறதா? ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும் லென்ஸ் வெளியே.

மங்கல் வந்தால் எதை நினைப்பது

இமைத்ததும் தெளிந்து, சில நொடியில் மறுபடி மங்கினால் வறட்சியோ லென்ஸில் படிந்த அழுக்கோ. இமைக்கும் போதெல்லாம் தெளிவு கூடிக் குறைந்தால் லென்ஸ் சுழல்கிறது. எப்படி இமைத்தாலும் ஒரே மாதிரி நிழல் விழுந்தால் ஆக்சிஸ் விலகல், அல்லது இடது வலது லென்ஸ் மாறிவிட்டது. சிரிக்காதீர்கள், இது அடிக்கடி நடப்பதுதான். லென்ஸைக் கழற்றிக் கண்ணாடி போட்ட பிறகும் மங்கல் போகவில்லை, விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறது என்றால் கோளாறு லென்ஸில் இல்லை, கருவிழி வீங்கியிருக்கிறது. சில நாள் ஓய்வு, பிறகு பரிசோதனை.

உடனே ஓட வேண்டிய நேரம்

வலி, வெளிச்சம் கூசுதல், சிவப்பு, சீழ், பார்வைக் குறைவு, கருவிழியில் வெண்புள்ளி. லென்ஸைக் கழற்றியும் இவற்றில் ஒன்று தொடர்ந்தால் அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும். சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா ஓரிரு நாளிலேயே கருவிழியைக் குதறிவிடும். 'காலையில் பார்த்துக்கொள்ளலாம்' என்பதற்கு இங்கே இடமில்லை. கண்ணைக் கட்டி மூடாதீர்கள். சூடும் இருட்டும் கிருமிக்குத்தான் வசதி. வீட்டில் கிடக்கும் பழைய சொட்டு மருந்தை விடாதீர்கள், குறிப்பாக ஸ்டீராய்டு கலந்ததை. சிவப்பு குறைந்த மாதிரி தெரியும், உள்ளே தொற்று வளரும்.

கழற்றிய லென்ஸைக் குப்பையில் போடாமல் பெட்டியோடும் அதிலிருக்கும் கரைசலோடும் எடுத்துப் போங்கள். எந்தக் கிருமி என்று கண்டுபிடிக்கும் சோதனைக்கு அது உதவும். கடைசியாக எத்தனை இரவு தொடர்ந்து அணிந்தீர்கள் என்று கேட்பார்கள். கூச்சத்தில் குறைத்துச் சொல்லாதீர்கள்.